அலுமாரிக்குள் பூட்டிய காது

போன மழைக்காலத்தில் கண்டி ஹந்தானைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்துக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏழு வயது, காது கேட்காது. "காது மெஷின் கிடைச்சதுன்னு சொன்னியே, எங்க?" என்று தாயிடம் கேட்டேன். அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்தது. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், அடகுச் சீட்டு, ஒரு ஜோடி பழைய கொலுசு, நடுவே பஞ்சில் சுற்றிய செவிப்புலன் கருவி.

"பத்திரமா வச்சிருக்கேன் அக்கா. போட்டு அனுப்பினா மத்த பிள்ளைங்க பிடிச்சு இழுக்குதுங்க. கோயில்ல உட்கார்ந்தா கீச்கீச்சுன்னு கத்துது, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. விழுந்து ஒடைஞ்சா மறுபடி வாங்க ஏலுமா?"

கருவியை வாங்கிப் பார்த்தேன். பற்றரி வைக்கும் இடத்தில் துரு ஏறியிருந்தது. காதுக்குள் வைக்கும் அச்சு, பிள்ளைக்கு நாலு வயதாக இருந்தபோது எடுத்த அளவு. பிள்ளை வளர்ந்தாள், காதும் வளர்ந்தது, அச்சு அப்படியே இருந்தது. அச்சு தளர்ந்தால் உள்ளே போகவேண்டிய சத்தம் வெளியே கசிந்து, திரும்பவும் கருவிக்குள்ளேயே நுழைந்து கீச்சிடும். புது அச்சு எடுத்துப் போட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும். வளரும் பிள்ளைக்குச் சில மாதங்களுக்கு ஒரு தடவை அச்சு மாற்றவேண்டும் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. மூன்று வருஷம் அந்தக் கருவி டின்னுக்குள் கிடந்தது. சொற்களைக் கேட்டுக் கேட்டுப் பழகவேண்டிய மூன்று வருஷம்.

பெற்றோரே, அவளை மட்டும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நம் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கிறது. கோபித்தாலும் பரவாயில்லை, சொல்லத்தான் போகிறேன். சொல்ல எனக்கு உரிமையும் இருக்கிறது, ஏனென்றால் இதே தவற்றைப் பதினொரு வருஷம் செய்தவள் நான்.

என் மகனுக்குப் பெருமூளை வாதம். கையும் காலும் அவன் சொன்னபடி கேளா. வாயிலிருந்து சொல் வராது, சத்தம் மட்டும் வரும். நான்தான் ஊட்டிவிடுவேன். வயிற்றுக்கு நல்லது என்று தினமும் காலையில் பப்பாசிப் பழம் மசித்துக் கொடுப்பேன். ஒவ்வொரு நாளும் கரண்டி வாய்க்குக் கிட்ட வரும்போது அவன் தலை ஒரு பக்கம் வெட்டும். வியாதியின் இழுப்பு என்று நினைத்து, தாடையைப் பிடித்துத் திருப்பி ஊட்டுவேன். அவனுக்குப் பதினொரு வயதில், சொந்தத்தில் ஒருத்தர் பாவித்த ஒரு பழைய டெப் எங்கள் வீட்டுக்கு வந்தது. படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைத் தமிழில் உரக்கச் சொல்லும் செயலி ஒன்றை என் மகள் அதில் போட்டுத் தம்பிக்குப் பழக்கினாள். விரல் சரியாகப் போய் விழவே ஐந்தாறு வாரம் ஆனது. ஒரு நாள் காலையில் நான் கரண்டியோடு குனிந்தேன். அவன் கை மெதுவாக ஊர்ந்துபோய்த் திரையில் விழுந்தது. "வேண்டாம்" என்றது டெப். நான் கேட்காதவள்போல இருந்தேன். திரும்ப "வேண்டாம்". மூன்றாம் தரமும் "வேண்டாம்".

பதினொரு வருஷமாக அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குத்தான் கேட்கவில்லை.

அன்று அழுதேன். மகன் பேசிவிட்டான் என்ற சந்தோஷம் பாதி. எத்தனை காலைகள் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பியிருப்பேன் என்ற கணக்கு மீதி. இந்த மாதிரி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பது உண்மை. எத்தனையோ கிளினிக், எத்தனையோ துண்டுச்சீட்டு. ஆனால் நானும் கேட்கவில்லையே! போன இடமெல்லாம் நான் கேட்டது ஒரே கேள்வி: "இவன் எப்ப பேசுவான்?" இன்றைக்கு இவன் தன் மனதில் இருப்பதைச் சொல்ல ஒரு வழி உண்டா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. குணமாகும் நாளுக்காகக் காத்திருந்து, கையில் கொடுக்கக்கூடியதைக் கொடுக்காமல் விட்டேன்.

நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். கட்டுகலைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கிறோம், கதிர்காமத்துக்கு நடக்கிறோம், பள்ளிவாசலிலும் வேளாங்கண்ணியிலும் மன்றாடுகிறோம். வேண்டாமென்று சொல்லமாட்டேன், நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய்க்கும் நூலுக்கும் தாயத்துக்கும் வருஷக்கணக்காகக் கொடுத்த காசைக் கூட்டிப்பாருங்கள். அந்தக் காசில் பாதி ஒரு போனுக்கும் அதைப் பழக்கும் பொறுமைக்கும் போயிருந்தால், உங்கள் பிள்ளை இன்று உங்களிடம் "தலை வலிக்குது" என்று சொல்லியிருக்கும்.

கருவி என்றதும் வெளிநாட்டில் இருந்து இறக்கவேண்டிய, இலட்சக்கணக்கில் விலைபோகும் ஏதோ ஒன்று என்று நினைக்கிறோம். அப்படியானவையும் உண்டு. ஆனால் நீங்கள் இப்போது மடியில் வைத்திருக்கும் சாதாரண அன்ட்ரொய்ட் போனுக்குள்ளேயே பாதி இருக்கிறது. செட்டிங்ஸுக்குள் போய் 'அக்செஸிபிலிட்டி' என்பதைத் திறவுங்கள். போனைத் தமிழில் வைத்திருந்தால் அதன் பெயர் 'அணுகல்தன்மை'. அங்கே 'டோக்பேக்' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று போன் வாய்விட்டுச் சொல்லும். தமிழ்க் குரலும் உண்டு. ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால் திறக்கும். பார்வை இல்லாத பிள்ளை யாருடைய கண்ணையும் கடன் வாங்காமல் ஒரு செய்தி அனுப்ப இது போதும். பார்வை மங்கிய பிள்ளைக்கு எழுத்தைப் பலமடங்கு பெருக்கிக் காட்டும் வசதி அதே இடத்தில் இருக்கிறது. 2019இல் கூகுள் வெளியிட்ட 'லைவ் டிரான்ஸ்கிரைப்', நாம் பேசுவதை உடனுக்குடன் எழுத்தாகத் திரையில் காட்டும். காது கேட்காத, வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது பெரிய உதவி. தமிழும் அதற்குத் தெரியும். கணினி இருந்தால் 'என்விடிஏ' என்ற திரைவாசிப்பான் இலவசம். அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் டே என்பவரோடு சேர்ந்து வளர்த்தது. இருவருமே பார்வையற்றவர்கள். காசு இல்லாதவனுக்கும் கணினி பேசவேண்டும் என்று நினைத்தார்கள், கொடுத்தார்கள்.

பேச்சு வராத பிள்ளைக்கென்று சென்னையில், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் நிறுவனத்தின் பிள்ளைகளோடு இருந்து வேலைசெய்து அஜித் நாராயணன் என்ற பொறியியலாளர் உருவாக்கியது 'ஆவாஸ்'. படத்தைத் தொட்டால் பேசும், தமிழிலும் பேசும். கடலைத் தாண்டி ஒரு எட்டு வைக்கும் தூரத்தில், நம் மொழியிலேயே இருந்த ஒன்று எனக்குப் பதினொரு வருஷம் தெரியாமல் போனது.

"மெஷின்ல பேசிப் பழகினா வாயால பேச சோம்பல் படும்" என்று ஒரு பயம் நமக்கு. எனக்கும் சொன்னார்கள். இது தவறு என்று ஆராய்ந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். 2006இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இப்படிப் படமும் கருவியும் கொடுத்துப் பழக்கப்பட்ட 27 பேரை நுணுக்கமாகப் பார்த்தது. ஒருவருக்குக்கூட இருந்த பேச்சு குறையவில்லை. பெரும்பாலானோருக்குக் கூடியிருந்தது. நடை பழகும் பிள்ளைக்குச் சில்லு வண்டி கொடுத்தால் நடக்காமலா போய்விடுகிறது? சொல் ஒன்று பலித்து, கேட்டது கையில் கிடைத்தால்தான் பிள்ளைக்கு அடுத்த சொல்லின்மேல் ஆசை வரும்.

இன்னும் ஒன்று, இது மனதுக்குக் கஷ்டமான கதை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடினார்கள். வட்ஸ்அப்பில் பாடம் வரும், சூமில் வகுப்பு நடக்கும் என்றார்கள். நாம் என்ன செய்தோம்? காதுத் தோட்டை அடகு வைத்தோம், சீட்டை முன்கூட்டி எடுத்தோம், தவணைக்கு போன் வாங்கினோம். சிக்னல் கிடைக்காத தோட்டங்களில் பிள்ளையை மேட்டுக்கும் மரத்தடிக்கும் கூட்டிப்போய்ப் படிக்க வைத்தோம். அந்த வைராக்கியத்தை நினைத்து நான் இன்றும் பெருமைப்படுகிறேன். ஆனால் அதே வீட்டின் மூலையில் இருந்த மற்றப் பிள்ளைக்கு? அவனுக்கு எதற்கு போன் என்றோம். உடம்பு நல்லாயிருக்கும் பிள்ளைக்கு அது படிப்பு; இவனுக்கு அது விளையாட்டுச் சாமான் என்று நாமே தீர்ப்புச் சொன்னோம். அண்ணன் கையில் இருந்த போன் தம்பிக்கு வாயாகவோ கண்ணாகவோ ஆகியிருக்கலாம். ஒரு மணி நேரம்கூட நாம் அதை மாற்றிக் கொடுக்கவில்லை.

அக்குரணைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. போனில் பழகியபின் அவள் பாடக்குறிப்புகளைக் கேட்கும் வேகத்தை நீங்கள் கேட்டால் அசந்துபோவீர்கள். எனக்கு அது வண்டு இரைவதுபோல இருந்தது, அவளுக்கு அது தெளிவான தமிழ். தாய் என்னிடம் குறைப்பட்டாள்: "எனக்குச் சொல்லாத கதையெல்லாம் கூட்டாளிக்கு அனுப்புறா." நான் அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், அல்லாவுக்கு நன்றி சொல்லுங்கள் என்று. பதினாறு வயதில் தாய்க்குத் தெரியாத ஒரு ரகசியம் இருப்பது எல்லாப் பிள்ளைக்கும் உள்ள உரிமை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் அது இல்லை, ஏனென்றால் அவர்களுடைய கடிதத்தை நாம் வாசிக்கிறோம், பதிலை நாம் எழுதுகிறோம், வைத்தியர் அவர்களிடம் கேட்ட கேள்விக்கும் நாமே முந்திக்கொண்டு பதில் சொல்கிறோம்.

வெட்கத்தைப் பற்றியும் பேசவேண்டும். காதில் மெஷின் தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? மூத்தவளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பார்த்தால்? அதற்காகக் கருவியைக் கழற்றி வைக்கிறோம், சில வீடுகளில் பிள்ளையையே உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துகிறோம். யோசித்துப் பாருங்கள். கண்ணாடி போட்ட பிள்ளையை நாம் ஒளிப்பதில்லை. கண்ணாடியும் ஒரு கருவிதான். உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் முக்கியமான 50 துணைக்கருவிகளைப் பட்டியலிட்டபோது கண்ணாடியையும் செவிப்புலன் கருவியையும் சக்கர நாற்காலியையும் திரைவாசிப்பானையும் ஒரே பட்டியலில்தான் வைத்தது. தம்பியை மறைத்துவைத்துச் செய்கிற சம்பந்தம், தம்பி தெரிந்த நாளில் என்ன ஆகும் என்று மூத்தவளிடமே கேளுங்கள்.

காசு இல்லை என்பீர்கள். இதை நான் தட்டிக்கழிக்கமாட்டேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கப்பலில் வரும் எந்தப் பொருளின் விலையும் நமக்கு எட்டவில்லை. தோட்டச் சம்பளத்தில் பற்றரி வாங்குவதே பாரம். உலகம் முழுக்க 250 கோடிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு துணைக்கருவி தேவை, அதில் ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2022இல் சொன்னன. வறிய நாடுகள் சிலவற்றில் தேவைப்படும் நூறு பேரில் மூன்று பேருக்குத்தான் கிடைக்கிறதாம். ஆனால் கேட்காதவனுக்கு யார் தருவார்கள்? நம் நாட்டின் 2012 குடிசனக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஏதோ ஒரு இயலாமையோடு வாழ்வதாகப் பதிவானது, நூற்றுக்கு 8.7 பேர். கணக்கெடுக்க வந்தவரிடம் "வீட்டில் அப்படி யாரும் இல்லை" என்று சொன்னவர்கள் அதில் சேரவில்லை. அப்படிச் சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

மறைத்த பிள்ளைக்கு அரசாங்கத்தில் பங்கு கேட்க முடியாது. உங்கள் கிராம சேவகரிடம் போங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். பிள்ளையின் பெயரைப் பதியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் உதவிகளுக்கு விண்ணப்பிக்கும் வழி அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தரம் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். நடையாய் நடக்கவேண்டும், மற்றப் பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கு நாம் நடக்கவில்லையா? பிச்சை கேட்கிறோம் என்ற கூச்சமும் வேண்டாம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலோ கல்வி நிறுவன அனுமதியிலோ ஒதுக்கக்கூடாது என்கிறது. 2016இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. புதிய துணைக்கருவிகள் பற்றிய தகவலை அவர்களுக்கு விளங்கும் விதத்தில் கொடுப்பதும் அரசின் கடமை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கடமை அரசினுடையது, உரிமை உங்கள் பிள்ளையுடையது, கேட்கும் வேலை நம்முடையது.

பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ திகண புனர்வாழ்வு வைத்தியசாலைக்கோ அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். இந்தப் பிள்ளை பேச, கேட்க, வாசிக்க, நகர இப்போதே என்ன கருவி இருக்கிறது? யார் பொருத்தித் தருவார், யார் பழக்குவார்? பழுதானால் எங்கே கொண்டுபோவது? வரிசை நீளம், வைத்தியருக்கு நேரமில்லை என்பதெல்லாம் தெரியும். இருந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் எழும்பி வராதீர்கள். கைக்குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால் "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினார்" என்று தள்ளிப்போடாதீர்கள். கேட்டல் குறைபாட்டைப் பிறந்து மூன்று மாதத்துக்குள் கண்டுபிடித்து, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்கவேண்டும் என்பதுதான் இன்று உலகம் ஏற்றுக்கொண்ட அளவு. நாம் நாலு வயதில்தான் போகிறோம், பிறகு அதையும் அலுமாரியில் வைக்கிறோம்.

ஆசிரியர்களிடமும் கேட்கப் பழகுங்கள். நம் நாட்டில் குறிப்பு என்றால் இன்னும் 'பாமினி' எழுத்துருவில்தான் பல இடங்களில் தட்டச்சு செய்கிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அது, திரைவாசிப்பானுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அந்தப் பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும், போன் பொருளில்லாமல் உளறும். "சேர், இதை யூனிகோட்டில் அனுப்புங்கள்" என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். பல ஆசிரியர்களுக்கு இது தெரியாது, தெரிந்தால் செய்வார்கள். பார்வையற்ற, மாற்றுத்திறனுள்ள மாணவருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகம் மலைக்கு அப்பால் இல்லை. அங்கே போய்ச் சேரவேண்டிய பிள்ளை, ஒரு எழுத்துருவால் சாதாரண தரத்தோடு நின்றுவிடக்கூடாது.

கருவி வந்தபிறகும் நம் வேலை முடிவதில்லை. முதல் நாள் கொடுத்து, இரண்டாம் நாள் "இவனுக்குச் சரிவராது" என்று திரும்ப எடுத்துவிடுகிறோம். சின்னப் பிள்ளை "அம்மா" என்று சொல்ல ஒரு வருஷம் காத்திருந்தவர்கள் நாம். காதுக் கருவி போட்ட பிள்ளைக்கு முதலில் எல்லாம் இரைச்சல்தான். தகரத்தில் மழை, குழாய்த் தண்ணீர், நாயின் குரைப்பு எல்லாம் ஒன்றாக வந்து மோதும். எது எது என்று மூளை பிரித்துப் பழக மாதங்கள் போகும். தூங்கும் நேரம், குளிக்கும் நேரம் தவிர முழுநாளும் போட்டிருக்கவேண்டும். கண்டி ஈரத்துக்கு, இரவில் கருவியைக் கழற்றி ஈரமுறிஞ்சி மணி போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். காலையில் எடுத்துப் பிள்ளைக்குப் போடுங்கள். பற்றரியை மட்டும் சின்னப் பிள்ளைகள் விழுங்காத இடத்தில் வையுங்கள்.

ஹந்தானைத் தாயோடு நானே போய்ப் புது அச்சுக்கு அளவு கொடுத்து வந்தேன். கருவியையும் திருத்த முடிந்தது. இப்போது பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போகிறாள். போன மூன்று வருஷத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. இனி வரும் வருஷங்களையாவது அவள் கேட்கட்டும்.

நம்மைப்போன்ற பெற்றோர் சந்தித்தால் கடைசியில் வந்து நிற்கும் பேச்சு ஒன்று: "நமக்குப் பிறகு யார் பார்ப்பாங்க?" இரவில் நித்திரை வராமல் புரளவைக்கும் கேள்வி, எனக்கும்தான். அக்கா பார்ப்பாள், சித்தப்பா பார்ப்பார், கடவுள் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் ஒரு பதிலை வைத்திருக்கிறோம். பார்க்க வருகிறவருக்கு என் மகனின் முகக் குறி தெரியாது. தலை வெட்டினால் அது இழுப்பா, வேண்டாமா என்று தெரியாது. எங்கே வலிக்கிறது, யார் அடித்தார்கள், எதற்குப் பயப்படுகிறான் என்று சொல்ல நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். அந்த நாளில் அவனிடம் இருக்கப்போவது, அவன் விரல் பழகிய அந்தச் சில படங்கள்தான்.

இன்றிரவு போனைச் சார்ஜில் போடுமுன் ஒரு மணி நேரம் அதை அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவன் முதலில் சொல்லப்போவது "வேண்டாம்" ஆகவும் இருக்கலாம். அதைக் கேட்டு, கரண்டியைக் கீழே வையுங்கள்.